எந்தக் கையால்

ஜனவரி 12
படப்பிடிப்புக் கூடாரத்திலிருந்து

என் வாயில்லாப் பூச்சிக்கு,

மாமா எழுதுகிறேன். நான் சாகவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். இந்தப் படத்தில் கடைசிவரை உயிரோடு இருக்கிறேனாம். பதினைந்து வருஷமாகச் சண்டைப் படங்களில் குண்டடி பட்டுச் சரிந்தவனுக்கு இது பெரிய பதவி உயர்வு.

இங்கே எல்லாம் பொய்ச் சேறு. லாரியில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, குழாயால் நனைத்து, அதில் எங்களை உருளச் சொல்கிறார்கள். உருண்டு எழுந்தால் உடைக்காரர் ஓடிவந்து, சேறு போதவில்லை என்று கரண்டியால் அள்ளிப் பூசுகிறார். அத்தானிடம் சொல், இந்த முறை பூட்ஸைச் செங்கல்லில் தேய்த்துவிட்டேன். நான் முதல்முதலாகக் கேப்டன் வேஷம் கட்டிய படத்துக்கு அக்கா அவரை இழுத்துக்கொண்டு போனாளே, வீடு திரும்பியதும் உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பூட்ஸ் புதுசு." அவ்வளவுதான். மூன்று மாத உழைப்புக்கு இரண்டே வார்த்தை. ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

இப்போது கட்டும் வேஷம் வேறு மாதிரி. சண்டைக்குப் போய் வீடு திரும்பிய ஒருவன். நல்லவனா கெட்டவனா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மற்றதைத் திரையில் பார்.

அதிருக்கட்டும், அத்தான் எப்படி இருக்கிறார்? போனில் கேட்டால் நீ "ம்" என்பாய், அப்புறம் இன்னொரு "ம்", அப்புறம் "வச்சிரட்டுமா மாமா". எருமை மாட்டிடம் பேசினாலும் தலையையாவது ஆட்டும். ஆனால் பேனா கிடைத்தால் நீ அருவி. அதனால் எழுது. ‘நலம்’ என்று மட்டும் எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அவர் எப்படி எழுந்திருக்கிறார், எப்படி உட்காருகிறார், யாராவது ஏதாவது கேட்டால் என்ன செய்கிறார், எல்லாம் வேண்டும். அக்கா போனபின் அந்த வீட்டில் எனக்குக் கண்ணும் காதும் நீதான்.

ஆசையோடு,
மாமா


ஜனவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

பூச்சி எழுதுவது. எருமை தலையாட்டினால் ஈ ஓட்டுகிறது என்று அர்த்தம், நீங்கள் பேசியது புரிந்தது என்று அல்ல. இதைப் போனில் சொல்ல வாய் வராது, அதனால் இங்கே சொல்கிறேன்.

நீங்கள் திரையில் எத்தனை தடவை செத்தீர்கள் என்று நானும் அம்மாவும் ஒருநாள் எண்ணினோம். பதினொன்று. அதில் இரண்டு தடவை கண்ணிமை ஆடியது. "வெளியில சொல்லிடாதடி, என் தம்பி பொழப்பு போயிடும்" என்றாள் அம்மா.

அப்பா நலம். (திருப்பி அனுப்பிவிடாதீர்கள், மேலே படியுங்கள்.) எழுந்ததும் போர்வையை நாலாக மடித்து அதன் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு. அப்புறம் தண்ணீர். வீட்டில் எந்தப் பாத்திரமும் காலியாக இருக்கக்கூடாது. குடம், வாளி, செம்பு எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுத்தான் மரக்கடைக்கு வேலைக்குக் கிளம்புவார். நான் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தால், ஏதோ பேசிக்கொண்டே வந்து அதையும் நிரப்பிவிட்டுப் போவார். பூனையின் தட்டைக்கூட விடுவதில்லை.

உட்காரும்முன் நாற்காலியை வாசல் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொள்வார். மரக்கடையில் ரம்பம் கிரீச்சிடும்போது அவருக்கு ஒன்றுமில்லையாம், அது நிற்கும்போதுதான் தலையைத் தூக்கிப் பார்க்கிறாராம். பட்டாளத்தைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்லமாட்டார். கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுவார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மறுபடி முதலிலிருந்து. தான் இப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. அவர் பட்டாளத்தை விட்டு வந்து பத்தொன்பது வருஷம், எனக்கு வயதே பதினேழு. சிலருக்குக் கால் ஆட்டும் பழக்கம் இருப்பதுபோல அப்பாவுக்கு இது என்றுதான் நினைத்து வளர்ந்தேன்.

என்னைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். தையல் கடையில் இப்போது பள்ளிச் சீருடை வேலை. பட்டன் நுழையும் ஓட்டையைச் சுற்றி நூல் கட்டுவதற்குக் காஜா எடுப்பது என்று பெயர். ஒரு நாளைக்கு நூற்றிருபது எடுக்கிறேன். போன வாரம் என் பழைய வகுப்புப் பெண்கள் அளவு கொடுக்க வந்தார்கள். அவர்கள் போட்டிருந்த சட்டைகளிலேயே நான் எடுத்த காஜா இருந்தது. நூல்கண்டு தேடுவதுபோல் மேசைக்கு அடியில் போய்விட்டேன். போகும்வரை அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு ஜோடி. முன்பு ஏழு பேராகச் சுற்றுவோம். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் பள்ளியை விட்டது தன்னால்தான் என்று நினைப்பார். அம்மா போனபின் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றது நானாகத்தான், அவர் வேண்டாம் என்றார்.

இதையெல்லாம் நான் எழுதிச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள்
பூச்சி


பிப்ரவரி 8

பூச்சி,

நீ மனுஷி இல்லை, கேமரா. படித்து முடித்தபோது அத்தான் என் கூடாரத்துக்குள் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்ததுபோல் இருந்தது.

விரல் நுனிகளைத் தொடுகிறாரே, எந்தக் கையால்? சுட்டுவிரலில் தொடங்குகிறாரா, சுண்டுவிரலிலா? அப்போது கண் எங்கே இருக்கும்? தண்ணீர் ஊற்றும்போது அவசரமா, நிதானமா? உடனே எழுது. இங்கே வேலை தலைக்குமேல். மற்றவை பிறகு.

மாமா


பிப்ரவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

இடது கை. சுண்டுவிரலில் தொடங்குவார். கண், கேட்பவரின் தோளைத் தாண்டி எங்கோ இருக்கும். தண்ணீர் ரொம்ப நிதானமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவார். நான் சிந்தினால் கோபம் வரும். அப்பாவுக்குக் கோபம் வருவது அதற்கு மட்டும்தான்.

மேசைக்கு அடியில் உட்கார்ந்ததைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று பார்த்தேன். வேலை தலைக்குமேல் என்றீர்கள், சரி.

"மாமா உங்கள ரொம்ப விசாரிச்சாருப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். "அவனுக்கு இருக்கிற வேலையில என்னை வேற" என்றார். ஆனால் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது, மாமா.

பூச்சி


செப்டம்பர் 19

மாமாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்தேன்.

படம் பார்த்தேன். நீங்கள் என் மாமா என்று கடையில் இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. சுவரொட்டியைப் பார்த்ததும் தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன். மாஸ்டர் அரைநாள் லீவு விட்டார். கடையில் வேலைசெய்கிற அக்காமார் எல்லாரும் என்னை நடுவில் உட்காரவைத்து, நானே நடித்ததுபோல் தோளைத் தட்டினார்கள். இடைவேளைவரை நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

அப்புறம் நீங்கள் ஒரு வீட்டுக்குள் வந்து நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினீர்கள்.

போர்வையை மடித்துத் தட்டினீர்கள். டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றினீர்கள். இடது கை. சுண்டுவிரலில் தொடங்கி நாலுவரை. கண், தோளைத் தாண்டி. நான் எழுதினேன், மாமா, நான் எழுதினேன்! அந்த ஆள் யார் என்றால், பிடிபட்ட பையனைக் கைகட்டி உட்காரவைத்து நெற்றியில் சுட்டுவிட்டு, ஓடையில் கை கழுவிவிட்டு, அந்தக் கறை போகவே இல்லை என்று ஆயுள் முழுக்கத் தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கை கழுவுகிறவன். எங்கள் அப்பாவின் உடம்புக்குள் ஒரு கொலைகாரனைக் குடிவைத்துவிட்டீர்கள்.

பக்கத்தில் இருந்த அக்கா என் காதில், "ஏன்டி, உங்கப்பாவும் கடை வாசல்ல நிக்கும்போது இப்படித்தான் விரலைத் தொடுவாரு, இல்ல?" என்றாள். அவள் கெட்டவள் அல்ல. கண் இருக்கிறது, பார்த்தாள்.

அதற்கப்புறம் நடந்ததையும் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை மரக்கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ரம்பக்காரர் அப்பாவைப் பார்த்து இடது கையைத் தூக்கி விரல் நுனிகளைத் தொட்டுக் காட்டினார். பலகை அடுக்குகிறவர், "எத்தன பேருண்ணே? நாலா, கூடவா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா படம் பார்க்கவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்ப்பா, விரல் வலிக்குதா?" என்று ரம்பக்காரரிடம் அக்கறையாகக் கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். சாப்பாட்டுத் தூக்கை அவர்கள் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. வழக்கம்போல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் குழந்தையை இப்போது எங்கள் வாசலில் விளையாட விடுவதில்லை.

பத்திரிகையில் வேறு பேட்டி கொடுத்திருக்கிறீர்கள். "எனக்கு மிக நெருங்கிய ஒருவருடன் வருஷக்கணக்கில் இருந்து கவனித்த பாத்திரம் இது" என்று. எப்போது இருந்தீர்கள்? அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது இரண்டு நாள். அவள் போனபின் மூன்றாம் நாள் வந்து ஒரு மணி நேரம். அன்று நீங்கள் அழுத அழுகையில் அக்கம்பக்கமே திரண்டது. அந்த அழுகையும் இந்தப் படத்தில் இருக்கிறது. அதே இடத்தில் மூக்கை உறிஞ்சுகிறீர்கள். அன்று அழுதீர்களா, ஒத்திகை பார்த்தீர்களா?

கவனித்தது நான். பாசத்தில் கேட்கிறீர்கள் என்று நினைத்து எழுதினேன். படத்துக்கு என்று சொல்லிக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேனோ என்னவோ. நீங்கள் அப்படிக் கேட்கவில்லை.

இரண்டு காரியம் செய்யுங்கள். என் கடிதங்களைத் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பாத்திரம் செய்ததற்கும் என் அப்பாவுக்கும் சம்பந்தமில்லை என்று அதே பத்திரிகையில் சொல்லுங்கள். அப்பா இந்தப் படத்தைப் பார்ப்பதற்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இப்போது வாய் வந்துவிட்ட பூச்சி


அக்டோபர் 3

என் பூச்சிக்கு,

நீ திட்டியதைப் பெற்றுக்கொண்டேன். அக்கா திட்டினாலும் இப்படித்தான், முதலில் காது எரியும், அப்புறம்தான் அர்த்தம் புரியும்.

நடிகன் திருடன்தான், ஒப்புக்கொள்கிறேன். பதினைந்து வருஷம் நான் கட்டிய சிப்பாய்களுக்குள் ஆளே இருந்ததில்லை. தொப்பி இருக்கும், மீசை இருக்கும், உள்ளே காற்று. கிராமத்தைக் கொளுத்தும் மேஜர், எதிரிக்கு மருந்து கட்டிவிட்டு அவனையே காட்டிக்கொடுக்கும் டாக்டர், எத்தனையோ பேர். ஜனங்கள் கைதட்டினார்கள். உன் அப்பா ஒருவருக்குத்தான் தெரிந்தது, பூட்ஸ் புதுசு என்று. இந்த முறை உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே நிஜமான ஆள் அவர்தான். அதை அவமரியாதை என்றா நினைக்கிறாய்?

பையனைச் சுடுவது கதை எழுதியவர் எழுதியது. அத்தான் அப்படிச் செய்தார் என்று நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மறுத்துச் சொல்லவும் இப்போது வேண்டாம். சொன்னால் இன்னும் பத்துப் பேர் ‘யார், யார்’ என்று தேடுவார்கள். அடுத்த மாதம் விருதுக்குழு வேறு கூடுகிறது. அதுவரை பொறு. பிறகு நானே நேரில் வந்து அவர் காலில் விழுகிறேன்.

அன்று அழுதது நிஜம். படத்தில் அழுததும் நிஜம். எனக்கு இருப்பது ஓர் அழுகைதான், பூச்சி. அதைத்தான் எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறேன்.

உன் கடிதங்களை இதோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். அத்தான் படம் பார்த்தால் என்ன சொல்கிறார் என்று மட்டும் எழுது. எனக்கு விருதைவிட அதுதான் பெரிது. பூட்ஸ் புதுசு என்றாலும் சரி. சொன்னதைச் சொன்னபடி எழுது.

என்றும் உன்
மாமா


அக்டோபர் 15

மாமாவுக்கு,

கடிதங்கள் வந்தன. பென்சிலால் கோடு போட்டிருக்கிறீர்கள். போர்வைக்குக் கோடு, நாற்காலிக்குக் கோடு, டம்ளருக்கு இரண்டு கோடு. "இடது கை" என்ற இடத்தில் தாள் கிழியும் அளவுக்கு. மேசைக்கு அடியில் நான் உட்கார்ந்திருந்த பத்தியில் ஒன்றுமில்லை. அது வெள்ளையாக, சுத்தமாக, நான் எழுதியபடியே இருக்கிறது.

அப்பா படம் பார்த்துவிட்டார். மரக்கடை முதலாளி அவரைக் கூப்பிட்டு, "உன் மச்சான் உன்னைத்தான் நடிச்சிருக்கானாமே?" என்று கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "கிளம்பு, மேட்னி பாத்துட்டு வரலாம்." நான் தலைவலி என்றேன், படம் போரடிக்கும் என்றேன், நல்ல சீட் கிடைக்காது என்றேன். "உனக்குப் பொய் சொல்ல வரல, விடு" என்றார்.

கதவுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அவரைப்போல் விரல் நுனிகளைத் தொட்டபோது அவர் தன் இடது கையைக் குனிந்து பார்த்தார். யாரோ தன் சட்டைப் பையில் எதையோ போட்டுவிட்டதுபோல் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். திருப்பிப் போடாமல், சுவரைப் பார்த்து. நான் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். நான்தான் எழுதினேன், மாமா கேட்டார், எனக்குத் தெரியாது என்று.

"பூட்ஸ் சரியா இருக்கு" என்றார்.

அப்புறம், "கை கழுவுறதுதான் தப்பு. அங்க கை கழுவ ஏது தண்ணி?"

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற வாய் எனக்கு எப்போது இருந்தது. அவராகத்தான் சொன்னார். "நான் சுடல. எங்களுக்கு வழி தப்பிருச்சு. என் பின்னாடி நாலு பசங்க. நாங்க பிடிச்சு வச்சிருந்த பையன் ஒருத்தன், உன் வயசு இருக்கும். என்கிட்ட ஒரு பாட்டில் தண்ணி இருந்துச்சு. அவன் ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே இருந்தான். நான் என் ஆளுங்க நாலு பேருக்கும் மூடி மூடியா எண்ணி ஊத்தினேன். அவனுக்குக் குடுக்கல. மூணாம் நாள் அவன் கேக்கல." விரல்களைத் தொட்டார், நாலுவரை. இந்த முறை தெரிந்தே தொட்டார். "நாலு பேரும் வீடு போய்ச் சேர்ந்தானுங்க. ரெண்டு பேரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்துச்சு. போகல."

முன்னால் இருந்த டம்ளரில் தண்ணீர் நிரம்பி இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. நான் எடுத்து முழுக்கக் குடித்துவிட்டுக் காலி டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் எழுந்து வந்து அதை மறுபடி நிரப்பினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. "மாமன்கிட்டச் சொல்லணும்னா சொல்லு" என்றார். "அவனும் பாவம், கஷ்டப்பட்டுதான் பண்ணியிருக்கான்."

அவருக்கு உங்கள் மேல் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு எரிகிறது. அவருக்காக யாராவது கோபப்பட வேண்டாமா? பத்தொன்பது வருஷம் அம்மாவிடம்கூடச் சொல்லாததை, நீங்கள் தப்பாக நடித்ததைத் திருத்துவதற்காக அவர் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதை நீங்கள் செய்த நன்மை என்று யாராவது சொன்னால் அவர்கள் முகத்தில் ஊசியோடு நூலை எறிவேன். அவர் செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவரா கெட்டவரா என்று சொல்ல முடியாத ஆள் என்று நீங்கள் எழுதினீர்களே, உங்களுக்கு அது வேஷம், சாயங்காலம் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். எனக்கு அவர் அப்பா. நாளைக்குக் காலையில் அவருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும்.

சொன்னதைச் சொன்னபடி எழுது என்று கேட்டிருந்தீர்கள். எழுதிவிட்டேன். இதைப் படித்தால் நீங்கள் அழுவீர்கள், எனக்குத் தெரியும். அந்த ஒரே அழுகையை அழுவீர்கள். அழுதுகொண்டே, பாட்டிலை எந்தக் கையால் பிடித்திருந்தார் என்று கேட்பீர்கள்.

அதனால் இதை அனுப்பப்போவதில்லை. நீங்கள் கோடு போட்ட கடிதங்களோடு சேர்த்து, பட்டன் டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். இதில் யாரும் கோடு போட வேண்டாம்.


அக்டோபர் 16
தபால் அட்டை

மாமா அவர்களுக்கு,

நலம். அப்பா நலம். படம் பார்த்தார். பூட்ஸ் சரியாக இருக்கிறது என்றார்.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் மகள்